பத்துத் தவணைக்குள் ஒளிந்திருந்த 2,299 ரூபாய்

கேள்வி: ஐயா, என் மகள் இந்த வருடம் கோயம்புத்தூரில் காலேஜ் சேர்ந்திருக்கிறாள். ஹாஸ்டல் வாசம். அவளுக்கு அங்கேயே ஒரு கடையில் 26,000 ரூபாய்க்குப் போன் எடுத்தோம். வட்டியில்லாத் தவணை, மாதம் 2,830 வீதம் பத்து மாதம். கடையில் இருந்த தம்பி, "இந்த புரொடக்‌ஷன் பிளான் 2,299தான் அக்கா. உடைஞ்சாலும், தண்ணியில விழுந்தாலும், தொலைஞ்சாலும் புதுசு கிடைச்சிடும். வேண்டாம்னா பத்து நாளைக்குள்ள சொல்லிடுங்க" என்று நோட்டீஸ் ஒன்றைக் கையில் கொடுத்தார். கம்பெனி சர்வீஸ் சென்டரில் விசாரித்தேன். டிஸ்பிளேவுக்கு மட்டும் ஒரு வருடத் திட்டம் 1,300 ரூபாயாம், கூடுதலாக எதுவும் கட்ட வேண்டாமாம். திட்டம் இல்லாமல் டிஸ்பிளே மாற்றினால் 7,000 ஆகுமாம். வீட்டுக்காரர் எல்லாமே தண்டச் செலவு என்கிறார். ஐந்து வருடத்தில் எங்கள் வீட்டில் ஆறு போன் வாங்கியிருக்கிறோம். மகனின் போன் நாலாவது மாதமே கீழே விழுந்து டிஸ்பிளேவுக்கு 5,800 செலவு. இவருடைய போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து போனது, அது மூன்று வருடப் பழசு. என்னுடையது பழனி போகும் பஸ்ஸில் பையிலிருந்து திருட்டுப் போனது, அதுவும் பழசுதான். போன் வாங்கி ஆறு நாள் ஆகிறது. பிளான் எடுக்கலாமா, வேண்டாமா? நோட்டீஸைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.
ஒரு வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்:

வணக்கம்மா. நோட்டீஸைத் திறப்பதற்கு முன்பே தவணைத் தொகையில் என் கண் நின்றுவிட்டது. 26,000 ரூபாய் போன், வட்டி கிடையாது, பத்து மாதம் என்றால் மாதம் 2,600தானே வர வேண்டும்? உங்களுக்கு 2,830 வருகிறது. பத்து மாதத்துக்கு 28,300. கூடுதலாக இருக்கும் அந்த 2,300 என்ன? 26,000த்தோடு 2,299ஐக் கூட்டிப் பத்தால் வகுத்துப் பாருங்கள். 2,829 ரூபாய் 90 காசு.

பிளான் எடுக்கலாமா என்று நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள். கடையில் அதை உங்கள் பெயரில் எடுத்தே முடித்துவிட்டார்கள். "வேண்டாம்னா பத்து நாளைக்குள்ள சொல்லிடுங்க" என்று அந்தத் தம்பி சொன்னதன் அர்த்தம் அதுதான். யோசித்துச் சொல்வதற்கான அவகாசம் என்று நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள், அவர் சொன்னது ரத்து செய்வதற்கான அவகாசம்.

நாள் குறைவாக இருந்ததால் கடிதம் வந்த அன்றே உங்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பி, லோன் பத்திரத்தைப் பார்க்கச் சொன்னேன். போன் விலைக்குக் கீழே "விஏஎஸ் 2,299" என்று ஒரு வரி இருப்பதாகப் பதில் போட்டீர்கள். வேல்யூ ஆடட் சர்வீஸ் என்பதன் சுருக்கம் அது. தவணையில் போன் வாங்குகிற எல்லோரும் லோன் பத்திரத்தில் அந்த மூன்றெழுத்தைத் தேடிப் பார்ப்பது நல்லது. கடைத் தம்பி மேல் கோபம் வேண்டாம். போன் விற்பதில் கடைக்குக் கிடைப்பது சொற்பம், கவர், ஸ்க்ரீன் கார்டு, பிளான் இவற்றில்தான் லாபம். அவருக்கும் மாத டார்கெட் இருக்கும். ஆனால் அவர் சொன்ன மூன்று "-ஆலும்"களையும் நோட்டீஸோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது நம் வேலை.

நான் 22 வருடம் ஒரு பொதுக் காப்பீட்டு நிறுவனத்தில் கிளெய்ம் பிரிவில் இருந்தவன். பழக்கதோஷம், எந்த நோட்டீஸ் கைக்கு வந்தாலும் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் முதலில் படிப்பேன். உங்கள் நோட்டீஸின் முன்பக்கத்தில் குடைக்கு அடியில் ஒரு போன் சிரித்துக்கொண்டிருக்கிறது. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதை உங்களுக்காகப் பெரிதாக்கிச் சொல்கிறேன்.

ஒரு வருடத்துக்கு ஒரே ஒரு கிளெய்ம். பழுதுச் செலவில் பத்து சதவீதம் நீங்கள் கட்ட வேண்டும், குறைந்தது 500 ரூபாய். சரிசெய்ய முடியாத அளவுக்குப் போய்விட்டால் போனின் மதிப்பில் தேய்மானம் கழிப்பார்கள்: மூன்று மாதம் வரை பத்து சதவீதம், ஆறு மாதம் வரை 25, ஒன்பது மாதம் வரை 35, அதற்குமேல் பாதி. திருட்டு என்றால் "வலுக்கட்டாயமாக உடைத்து நுழைந்ததற்கான தடயம்" இருக்க வேண்டும். தொலைந்துபோனால் கிடையாது. கவனிப்பாரின்றி விட்டிருந்தால் கிடையாது. 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்காவிட்டால் கிடையாது.

"புதுசு கிடைச்சிடும்" என்றாரே, அதை மட்டும் ஒரு கணக்காகப் போட்டுப் பார்ப்போம். பத்தாவது மாதம் போன் தண்ணீரில் விழுந்து செத்துவிட்டது என்று வையுங்கள். 26,000த்தில் பாதி 13,000. அதில் உங்கள் பங்கு பத்து சதவீதம் 1,300 போனால் 11,700. அதையும் செத்த போனை அவர்களிடம் ஒப்படைத்த பிறகுதான் தருவார்கள். 11,700 ரூபாய்க்கு அதே போன் புதுசாக எங்கே கிடைக்கும்?

தொலைந்தாலும் கிடைக்கும் என்ற பேச்சைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறையப் பேர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். நமக்குப் போன் கையில் இல்லை என்றால் எல்லாம் ஒன்றுதான். சட்டமும் காப்பீட்டுத் தாளும் அப்படிப் பார்ப்பதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தில் திருட்டுக்கு 303ஆம் பிரிவு, கையிலிருந்து பறித்துக்கொண்டு ஓடுவதற்கு 304, அடித்தோ மிரட்டியோ வழிப்பறி செய்வதற்கு 309, வீட்டை உடைத்துப் புகுவதற்கு வேறு பிரிவு. பிளான் எழுதுகிறவர்கள் இந்த வேறுபாடுகளை வைத்துத்தான் வேலி போடுகிறார்கள். கதவை உடைத்து அறைக்குள் புகுந்து எடுத்தால் பணம் உண்டு. கூட்ட நெரிசலில் பையின் ஜிப்பைத் திறந்து எடுத்தால் எந்தத் தடயமும் இருக்காது, ஆகவே பணமும் இருக்காது. ஆட்டோவில் மறந்து வைத்துவிட்டு இறங்கினால் அது திருட்டே அல்ல, தொலைந்தது. ஹாஸ்டல் மெஸ் மேஜையில் வைத்துவிட்டுத் தட்டு கழுவப் போன நேரத்தில் காணாமல் போனால் "கவனிப்பாரின்றி விட்டது" என்று எழுதிவிடுவார்கள்.

இப்போது உங்கள் பழனி பஸ் சம்பவத்தை இந்த நோட்டீஸில் பொருத்திப் பாருங்கள். ஒரு பைசா வந்திருக்காது. உங்கள் மகளும் மாதம் இரண்டு முறையாவது சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் முண்டியடித்துத்தான் ஊருக்கு வரப் போகிறாள். நீங்கள் எதற்குப் பயந்து பிளானைப் பற்றி யோசித்தீர்களோ, அது இந்த 2,299க்குள் இல்லை.

பிக்பாக்கெட் திருட்டுக்கும் பணம் தருகிற பாலிசிகள் இருக்கின்றன, விலை கூடுதல். அவற்றிலும் போலீஸ் புகார் கட்டாயம், பெரும்பாலும் எஃப்ஐஆரே கேட்பார்கள். நம் ஸ்டேஷன்களில் போன் புகாருக்கு முதலில் சிஎஸ்ஆர் ரசீதுதான், அதாவது மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீதுதான், தருவது வழக்கம். அதை மட்டும் ஏற்றுக்கொள்வார்களா என்று பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வைக்க வேண்டும். அப்புறம் இன்னொன்று. ஸ்டேஷனில் மனு எழுதும்போது, "காணோம்னு எழுதும்மா, சீக்கிரம் முடியும்" என்று யாராவது சொல்வார்கள். திருட்டு என்பது உங்களுக்குத் தெரிந்தால் திருட்டு என்றே எழுதுங்கள். காணோம் என்று கைப்பட எழுதிய மனுவை வைத்துக்கொண்டு பிறகு திருட்டுக்குப் பணம் கேட்டவர்களின் கோப்புகளை நானே மூடியிருக்கிறேன். மனசுக்குக் கஷ்டமாக இருந்தாலும் தாளில் இருப்பதுதான் எங்களுக்குச் சாட்சி.

நோட்டீஸில் நான் தேடிக் கிடைக்காத ஒன்றும் உண்டு. காப்பீட்டு நிறுவனத்தின் பெயர். இந்தியாவில் விற்கப்படும் எந்த இன்சூரன்ஸுக்கும் பின்னால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்திடம் பதிவு பெற்ற ஒரு நிறுவனம் இருக்க வேண்டும். தாளில் அந்தப் பதிவு எண்ணும், திட்டத்துக்குரிய யுஐஎன் என்ற தனி அடையாள எண்ணும் அச்சாகியிருக்கும். உங்கள் தாளில் இரண்டும் இல்லை. ஆகவே இது இன்சூரன்ஸே அல்ல, பழுது பார்த்துத் தருகிறோம் என்று ஒரு கம்பெனி எழுதிக் கொடுக்கும் சேவை ஒப்பந்தம். அப்படி விற்பது தவறில்லை, பல கம்பெனிகள் ஒழுங்காகவே செய்துகொடுக்கின்றன. ஆனால் தகராறு வந்தால் கதவு மாறிவிடும். நிஜமான இன்சூரன்ஸ் என்றால் நிறுவனத்திடம் முறையிட்டு ஒரு மாதம் பார்த்துவிட்டு, சென்னை தேனாம்பேட்டையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம், அதாவது ஆம்பட்ஸ்மேனிடம், காசு செலவில்லாமல் போகலாம். சேவை ஒப்பந்தத்துக்கு அந்தக் கதவு திறக்காது, நுகர்வோர் ஆணையம்தான் வழி.

சரி, இந்தப் போனுக்கு என்ன செய்வது? உங்கள் வீட்டுக்காரர் தண்டச் செலவு என்கிறார். அவர் பேச்சில் பெரும்பகுதி நியாயம் இருக்கிறது, அதையும் உங்கள் வீட்டுக் கணக்கை வைத்தே பார்க்கலாம். ஆறு போனுக்கும் வாங்கும்போதே சராசரியாக 1,500 ரூபாய் என்று பிளான் எடுத்திருந்தால் 9,000 கட்டியிருப்பீர்கள். திரும்பி என்ன வந்திருக்கும்? அவருடைய போன் தொட்டியில் விழும்போது மூன்று வயது. ஒரு வருடப் பிளான் என்றைக்கோ முடிந்திருக்கும். உங்களுடையது திருட்டு, அதுவும் பழைய போன். மகனின் டிஸ்பிளே மட்டும்தான் தேறும். 5,800இல் பத்து சதவீதம் போக 5,220. ஆக, ஐந்து வருடத்தில் கிட்டத்தட்ட 3,800 ரூபாய் நஷ்டம். அதில் ஆச்சரியம் இல்லை. பிளான் விற்கிறவர் கடைக்குக் கமிஷன் கொடுத்து, ஆபீஸ் நடத்தி, லாபமும் பார்க்க வேண்டும். அரசுக்கு வரியும் போக வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் இன்சூரன்ஸுக்கு ஜிஎஸ்டி கிடையாது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டுக்கு மட்டும். போன் பிளானில் 18 சதவீதம் அப்படியே இருக்கிறது. உங்கள் 2,299இல் சுமார் 350 ரூபாய் வரிதான்.

ஆகவே பொதுவாக என் கட்சி உங்கள் வீட்டுக்காரர் கட்சிதான். இன்சூரன்ஸ் என்பது நம்மால் தாங்க முடியாத நஷ்டத்துக்காக ஏற்பட்ட ஏற்பாடு. வீடு எரிந்தால், சம்பாதிக்கிறவர் போய்விட்டால், ஆஸ்பத்திரி பில் நாலு லட்சம் வந்தால் தாங்க முடியாது. மருத்துவக் காப்பீட்டைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டுப் போனுக்குப் பிளான் எடுத்திருக்கும் குடும்பங்களை வாரத்துக்கு ஒன்றாவது பார்க்கிறேன். உங்கள் வீட்டில் அந்தப் பாலிசி உயிரோடு இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள். போன் போனால் மனசு வலிக்கும், பட்ஜெட் ஒரு மாதம் இழுபறியாகும், அவ்வளவுதான்.

ஆனாலும் உங்கள் மகளின் போனில் ஒரு சின்ன விதிவிலக்கு வைப்பேன். கணக்கு இப்படி. கடைப் பிளானில் டிஸ்பிளே உடைந்தால் 7,000இல் 700 போக 6,300 மிச்சம். அதற்காகக் கட்டுவது 2,299. அதாவது இரண்டே முக்கால் வருடத்துக்கு ஒரு முறையாவது அவள் டிஸ்பிளேவை உடைத்தால்தான் பணம் சமமாகும். அந்த அளவுக்கு உடைக்கிற பெண் என்றால் பிளானைவிட இரும்புக் கவர்தான் வாங்கித் தர வேண்டும். கம்பெனியின் 1,300 ரூபாய்த் திட்டத்தில் நிலைமை வேறு. கூடுதலாகக் கட்ட வேண்டியது எதுவும் இல்லை என்றால் 1,300க்கு 7,000. ஐந்து வருடம் சொச்சத்துக்கு ஒருமுறை உடைந்தாலே சரியாகிவிடும். ஹாஸ்டலில் முதல் வருடம், அடுக்குக் கட்டிலில் மேல் படுக்கையும் கிடைக்கலாம், சார்ஜர் வயர் பாதி வழியில் தொங்கும், தூக்கக் கலக்கத்தில் கை பட்டால் ஐந்தடி கீழே சிமெண்ட் தரை. அப்படி ஓர் இடத்தில் முதல் வருடத்துக்கு இந்த 1,300ஐ நான் கட்டுவேன். உதிரிபாகமும் ஒரிஜினலாகக் கிடைக்கும், யாரோ ஒருவரிடம் கிளெய்ம் பேச வேண்டியதில்லை, அதே சர்வீஸ் சென்டர்தான். இரண்டாம் வருடத்துக்கு நீட்டிக்கச் சொன்னால் வேண்டாம். அதற்குள் போனின் மதிப்பே பாதிக்கு வந்திருக்கும், அவளுக்கும் கை பழகியிருக்கும். மிச்சமாகும் 999 ரூபாயில் நல்ல கவரும் டெம்பர்ட் கிளாஸும் வாங்குங்கள்.

தண்ணீர் பற்றியும் ஒரு வார்த்தை. பெட்டியில் ஐபி68 என்று தண்ணீர் தாங்கும் தரக்குறியீடு போட்டிருப்பதைப் பார்த்து, தண்ணீரில் விழுந்தால் வாரண்டியில் பார்த்துக்கொள்வார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஆய்வுக்கூடத்தில் நல்ல தண்ணீரில் வைத்துப் பார்த்த சோதனை. சோப்புத் தண்ணீரும் உப்புத் தண்ணீரும் அந்தக் கணக்கில் வராது. போனுக்குள்ளே ஈரம் பட்டால் சிவப்பாக மாறும் சின்ன ஸ்டிக்கர் ஒன்று இருக்கும். அது சிவந்திருந்தால் வாரண்டி கவுண்டரில் பேச்சு முடிந்தது. ஆக, தண்ணீருக்கு வாரண்டியும் இல்லை, டிஸ்பிளே திட்டமும் இல்லை. இந்த ஆபத்தை நீங்கள் உங்கள் கணக்கிலேயே வைத்துக்கொள்ள வேண்டியதுதான். பாத்ரூமுக்குப் போன் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். (என் பேச்சை என் வீட்டிலேயே யாரும் கேட்பதில்லை, அது வேறு விஷயம்.)

வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதே, அதில் போன் வராதா என்றும் சிலர் கேட்பார்கள். 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்கும் பாரத் கிருஹ ரக்‌ஷா பாலிசியில் தீ, வெள்ளம், புயல் மாதிரி ஆபத்துகளில் வீட்டுச் சாமான்களுக்கு ஈடு உண்டு. கை தவறி விழுந்ததற்கும் பஸ்ஸில் போனதற்கும் அதில் இடமில்லை.

என் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், பிளான் எடுப்பவர்களுக்கு உதவும். சில வருடங்களுக்கு முன் நானே, இத்தனை தெரிந்த நானே, என் போனுக்கு ஒரு பிளான் எடுத்தேன். ஐந்தாவது மாதம் போன் தானாக அணைந்து அணைந்து எரிய, வாரண்டியில் மதர்போர்டை மாற்றிக் கொடுத்தார்கள். எட்டாவது மாதம் மாடிப்படியில் விழுந்து டிஸ்பிளே சிதறியது. கிளெய்ம் போட்டால் தள்ளுபடி. காரணம், போர்டு மாறியபோது ஐஎம்இஐ எனும் போனின் அடையாள எண்ணும் மாறிவிட்டது. பிளான் சான்றிதழில் பழைய எண். "நீங்கள் காப்பீடு செய்த போன் இது இல்லை" என்று ஒரு வரியில் பதில். போர்டு மாற்றியதற்கு சர்வீஸ் சென்டர் கொடுத்த ஜாப் ஷீட்டைக் காட்டி மூன்று வாரம் அலைந்த பிறகுதான் நடந்தது. பத்து வருடம் முன்னால் இதே மாதிரி ஒரு பதிலை வேறு யாருக்கோ நான் எழுதியிருப்பேன் என்று அன்றைக்குத் தோன்றியது. வாரண்டியில் போர்டு மாறினாலோ, போனையே மாற்றிக் கொடுத்தாலோ, அன்றே பிளான்காரர்களுக்குப் புது எண்ணை மெயிலில் தெரிவித்து, திருத்திய சான்றிதழ் வாங்கிவிடுங்கள்.

யார் முழுப் பிளான் எடுக்கலாம்? எண்பதாயிரம், ஒரு லட்சம் விலையில் போன் வைத்து அதையே தொழிலுக்குப் பயன்படுத்துகிறவர்கள், டிஸ்பிளே மாற்றவே இருபதாயிரத்துக்குமேல் கேட்கும் மடக்குப் போன் வைத்திருப்பவர்கள், பைக்கில் போனை மாட்டிக்கொண்டு நாளெல்லாம் டெலிவரி ஓட்டுகிற பிள்ளைகள். டெலிவரி ஓட்டுகிறவருக்குப் போன் ஒரு வாரம் இல்லை என்றால் ஒரு வார வருமானம் இல்லை. அவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, பழுது பார்க்கும் நாட்களில் மாற்றுப் போன் தருவீர்களா என்பது.

ஆன்லைனில் போன் வாங்குகிறவர்களும் கவனிக்க வேண்டும். நீங்கள் கேட்காமலே பிளானைக் கூடையில் சேர்த்துவிடும் தந்திரத்தை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30இல் வெளியிட்ட விதிமுறைகளில் தடை செய்திருக்கிறது. அதில் பட்டியலிட்ட 13 தந்திரங்களில் இதுவும் ஒன்று. பணம் கட்டும் பக்கத்தில் டிக் ஏற்கெனவே போட்டிருக்கிறதா என்று பார்த்து எடுத்துவிடுங்கள்.

திருட்டுக்குப் பிளான் இல்லையே என்று கலங்க வேண்டாம். அதற்குச் செய்ய வேண்டியவை காசில்லாதவை. போனில் *#06# அடித்தால் ஐஎம்இஐ எண் வரும், இரண்டு சிம் போன் என்றால் இரண்டு எண். அதை உங்கள் வீட்டு டைரியில் எழுதி வையுங்கள். போன் போன அன்று சிம்மை முடக்கி, டூப்ளிகேட் சிம் வாங்கி, போலீஸ் மனுவின் நகலோடு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த எண்ணைப் பதிந்தால் நாட்டில் எந்த நெட்வொர்க்கிலும் அந்தப் போன் வேலை செய்யாது. 2023 மே மாதத்திலிருந்து நாடு முழுவதற்கும் இந்த வசதி உண்டு. யாராவது வேறு சிம் போட்டுப் பார்த்தால் தடம் தெரியும், போலீஸ் மீட்டுக் கொடுத்த போன்கள் நிறைய.

போனைவிட அதற்குள் இருக்கும் பணம்தான் பெரிய நஷ்டம், அதற்குப் போன் பிளான்கள் பொதுவாகப் பொறுப்பேற்பதில்லை. சிம்முக்குத் தனியாகப் பின் எண் போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் திருடியவன் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டு ஓடிபிகளை வாங்கிவிடுவான். போன் போனது தெரிந்ததும் வங்கிக்குச் சொல்லி யுபிஐயை நிறுத்துவது முதல் வேலை, ஸ்டேஷனுக்குப் போவது அடுத்தது. பணம் போயிருந்தால் சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்கு அழைக்க வேண்டும். மகளின் கணக்கில் மாதச் செலவுக்கு மட்டும் பணம் போட்டு வைப்பதும் ஒரு வகை இன்சூரன்ஸ்தான்.

கடைசியாக, ரத்து செய்யும் வேலை. கடைக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டு விட்டுவிடாதீர்கள். பத்து நாளுக்குள் கடை, பிளான் கம்பெனி, லோன் கொடுத்த ஃபைனான்ஸ் கம்பெனி மூன்றுக்கும் ஒரே மெயில்: போன் வாங்கிய தேதி, பில் எண், லோன் எண், "இந்தத் திட்டத்தை நான் கேட்கவில்லை, நோட்டீஸில் உள்ள பத்து நாள் அவகாசத்துக்குள் ரத்து செய்கிறேன், 2,299 ரூபாயை லோன் கணக்கில் குறைக்கவும்." அவ்வளவு போதும். பதில் இல்லை என்றால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள், பெரும்பாலும் அந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை கோயம்புத்தூரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அனுமதிக்கிறது. ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. நிஜமான இன்சூரன்ஸாக இருந்தால் இன்னும் சுலபம். 2024 ஜூனில் ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, கிளெய்ம் எதுவும் கேட்காத ஓராண்டுத் தனிநபர் பாலிசியைக் காரணம் சொல்லாமலே எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்து, மீதி நாட்களுக்கான பிரீமியத்தைத் திரும்ப வாங்கலாம்.

கடையில், "சிஸ்டத்துல கேன்சல் பண்ணியாச்சு அக்கா, தவணையில கழிஞ்சிடும்" என்று சொல்வார்கள். சரி என்று சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். திருத்திய தவணை அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். அதில் மாதம் 2,600 என்று இருக்க வேண்டும்.